பிரித்துக் கட்டிய பூப்பொட்டலம்

மாப்ளே,

போன ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டில் உன்னுடைய திருநீற்றுச் சம்புடம் என் கைக்கு வந்தது. உன் மனைவிதான் எடுத்துக் கொடுத்தாள். பூஜை அலமாரியை ஒழித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். திருநீற்றுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டதாம்.

"இது என்னங்ணா, துணியாட்டம் இருக்குது? அவரு பிரசாதம் கிரசாதம் வெச்சிருந்தாரோ என்னமோ. தூக்கிப் போடவும் மனசு வரமாட்டீங்குது" என்றாள்.

கட்டைவிரல் அளவில் ஒரு பொட்டலம். வெள்ளைப் பனியன் துணி, சாம்பல் பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். திருநீற்று வாசனை, காய்ந்த பூவின் வாசனை, எல்லாவற்றுக்கும் அடியில் துளி மெஷின் எண்ணெய் வாசனை. அந்தத் துணியை வெட்டியவன் நான். என் கட்டிங் டேபிளில் மிஞ்சிய துண்டில், ஒரே அளவாக, ஒரு நூல் பிசகாமல் இரண்டு வெட்டினேன். அதில் ஒன்று இது. சுற்றியிருந்த ஓவர்லாக் நூலும் நான் கொண்டுவந்ததுதான். முடிச்சு மட்டும் என்னுடையதில்லை.

நான் போடுவது சுருக்கு முடிச்சு. வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகத் தைக்க அனுப்புகிறவன் நான். வாங்குகிறவர்கள் ஒரே இழுப்பில் அவிழ்க்க வேண்டும். நாற்பது வருஷமாக என் கை வேறு முடிச்சுப் போட்டதில்லை. பொட்டலத்தில் இருந்தது தறிக்காரர் முடிச்சு. அறுந்த இழைக்குப் போடுவது, உளுந்தளவுகூட இருக்காது, இழுக்க இழுக்க இறுகும். சோமனூரில் தறிச் சத்தத்துக்குள் பிறந்தவன் நீ. பனியன் கம்பெனிக்கு வந்து தலை நரைத்த பிறகும் வேட்டிக் கிழிசலில் இருந்து வாழைத்தார் கட்டுவது வரைக்கும் உனக்கு அந்த ஒரு முடிச்சுதான்.

ஆக, நீ அதைப் பிரித்திருக்கிறாய். உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறாய். மறுபடி கட்டித் திருநீற்றுக்குள் புதைத்துவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். நீ போய் மூன்று வருஷமாகிறது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நான் உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. டேபிளில் துணியை விரித்துவிட்டு எந்த சைசுக்கு மார்க் போட வந்தேன் என்று மறந்து நிற்கிறேன். நேற்று ஒரு மார்க்கை மூன்று தடவை அழித்துப் போட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். செத்தவனுக்குக் கடிதம் போடுகிற நாத்திகன் என்று சிரிப்பாய். சிரித்துக்கொள், எனக்கு வேறு வழியில்லை.

நாம் இரண்டு பேரும் அந்தக் கம்பெனிக்கு ஒரே வாரத்தில் வந்து சேர்ந்தோம். நீ ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தாய், நான் கட்டிங்கில் நின்றேன். முதல் வெள்ளிக்கிழமையே சண்டை. அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை காலையில் மெஷின்கள் நிற்கும். கற்பூரத் தட்டு வரிசை வரிசையாக வரும். எல்லாரும் எழுந்து நின்று கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். தெக்கத்திப் பக்கத்திலிருந்து வந்த கிறிஸ்தவப் பெண்கள் தட்டைத் தொடமாட்டார்கள், ஆனால் தட்டு கடந்து போகிறவரை தலை குனிந்து நிற்பார்கள். நான் மட்டும் கருப்புச் சட்டையோடு உட்கார்ந்தே இருந்தேன். தட்டை ஏந்தி வந்தவன் நீ. என் முன்னால் நின்று, "எந்திரிக்கலீனாப் பரவால்லீங்க, காலையாச்சும் மடக்குங்க, கால் தடுக்குது" என்றாய். மரியாதையாகத்தான் சொன்னாய். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மதியம் டீக்கடையில் ஆரம்பித்த அந்தப் பேச்சு நீ ஆஸ்பத்திரியில் படுக்கிறவரை முடியவில்லை. 'ங்க' போய் 'டேய்' வந்தது, உனக்குக் கல்யாணமானதும் 'மாப்ளே' வந்தது. உன் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன், உன் மகளுக்கு மாமா ஆனேன். பேச்சு மட்டும் மாறவே இல்லை.

அந்த ஆயுத பூஜை ஞாபகம் இருக்கிறதா? என் கட்டிங் மெஷினுக்குப் பொட்டு வைக்கக்கூடாது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போனேன். நான் அந்தப் பக்கம் போனதும் நீ கத்திக்கு அடியில், நான் பார்க்காத இடமாகப் பார்த்து, சந்தனமும் குங்குமமும் அப்பியிருக்கிறாய். லீவு முடிந்து வந்து வெள்ளைத் துணியை அடுக்கி மெஷினை ஓட விட்டேன். கத்தி அதிர்ந்ததில் குங்குமம் உதிர்ந்து மேல் துணியெல்லாம் சிவப்புப் புள்ளி. நான் ஆடிய ஆட்டத்தில் செக்கிங் பெண்கள் எல்லாரும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார்கள். நீ மெதுவாக வந்து துணியைக் குனிந்து பார்த்தாய்.

"சாமி கையெழுத்துப் போட்டிருக்குதப்பா. இந்த லாட்டு ரிஜக்சன் ஆகாது, பாரு."

மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு, கறைபட்ட துண்டுகளைப் பொறுக்கி எடுத்து எனக்கு மாற்று வெட்ட உதவினாய். அந்த லாட்டில் ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. நான் பார்த்துப் பார்த்து வெட்டியதால் வரவில்லை. அதை நீ ஒத்துக்கொள்ளவே இல்லை.

பழனிக்கு நீ வருஷா வருஷம் பாதயாத்திரை போவாய். நானும் கூட வருவேன், குண்டடம் வரைக்கும். பேச்சுத் துணைக்கு என்று சொல்லிக்கொள்வேன். வழியில் பந்தலில் போடுகிற அன்னதானச் சோற்றை நான் ஒரு கட்டுக் கட்டும்போது, "சாமி இல்லீங்கறவனுக்கு ரெண்டாவது வாட்டி ரசம் எதுக்கடா?" என்பாய். "சோறு ஆக்குனது மனுசன்தானே" என்பேன். குண்டடம் வந்ததும் நான் திருப்பூர் பஸ்ஸுக்காக நிற்பேன். நீ கொப்புளம் வந்த காலோடு கையை ஆட்டிக்கொண்டே தாராபுரம் ரோட்டில் போவாய். "பாதி வழி வந்தவனை நாத்திகன்னு எப்பிடிச் சொல்றது? பாதி ஆளுன்னு வேணாச் சொல்லலாம்" என்று கூட வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாய். பஸ்ஸில் வரும்போது எனக்குக் கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும். இதை உன்னிடம் நான் சொன்னதில்லை.

இன்னொன்றும் இந்த நாலு நாளாகத் திரும்பத் திரும்ப வருகிறது. செக்கிங்கில் இருந்த ஒரு அக்கா, திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர், வேதக்காரர். அவர் வீட்டுக்காரருக்கு விபத்தில் அடிபட்டு ரத்தம் வேண்டும் என்றார்கள். நாம் இரண்டு பேரும் போய்க் கொடுத்தோம். அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கர்த்தர்தான் ஒங்கள அனுப்பிச்சிருக்காரு அண்ணாச்சி" என்று அழுதார். "கர்த்தர் ஒண்ணும் அனுப்பலீங்க, நானாத்தான் பஸ் ஏறி வந்தேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். பாதி சொல்லியும் விட்டேன். நீ என் முழங்கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாய். அன்றைக்குத்தான் உனக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"சாமிக்கு ஏதுடா கையி? ஆரு கையையாச்சும் எரவல் வாங்கித்தான் குடுக்கோணும். எரவல் குடுத்தவன் வாயை மூடிட்டு நிக்கோணும்."

நல்ல வசனம்தான். வசனத்துக்கு நீ எப்போதும் ஒரு படி மேலே. ஆனால் இரவல் என்றால் கேட்டு வாங்க வேண்டும் மாப்ளே. கேட்காமல் எடுத்தால் அதற்கு வேறு பெயர்.

நீ போன பிறகு இங்கே என்னென்னவோ மாறிவிட்டது. துணி வாங்குகிற வெளிநாட்டு பையர்களின் ஆடிட் வந்தது. தைக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். கற்பூரம் போயிற்று, ஊதுபத்தி போயிற்று. சாமி படங்களைக் கழற்றி முன்னால் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். பேட்டரியில் எரிகிற விளக்கு, காற்றே இல்லாமல் ஆடுகிறது. வெள்ளிக்கிழமை ஆபீஸ் பையன் ஒருவன் சுவிட்சைப் போட்டுவிட்டு அந்தக் கையோடு ஃபோனைப் பார்க்கிறான். மெஷின் நிற்பதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தைக்கிறார்கள். அவர்களுடைய சாமி அவரவர் ஃபோன் திரையில் இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பெட்டியைக் கடந்து போகும்போது நான் ஒருவன்தான் நின்று பார்க்கிறேன். பாரேன் கூத்தை.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருக்க வேண்டும். இருபது வயதில் நான் எதைக் கேட்டேனோ அது நடந்துவிட்டது. ஆனால் என் பேச்சைக் கேட்டு யாரும் சாமியை விடவில்லை. ஷிப்மெண்ட் தேதிதான் சாமியை வெளியே தள்ளியது. நேரமில்லை என்று விட்டார்கள். இல்லை என்று தெளிந்து விட்டவன் ஒருவனைக்கூட நான் பார்க்கவில்லை. மறுபக்கம் பார்த்தால் தைப்பூசத்துக்கு ரோடு கொள்ளாத கூட்டம். காலையில் ஃபோனைத் திறந்தால் முப்பது முருகன். ஆனால் இரண்டு வார்த்தை கேலியாகப் பேசினால் முன்பெல்லாம் பதிலுக்குக் கேலி வரும், டீ வரும். இப்போது முகம் சிவக்கிறது. நம்புகிறவனும் கோபிக்கிறான், நம்பாதவனும் கோபிக்கிறான். சண்டை போட்டுவிட்டு அதே பெஞ்சில் பக்கத்தில் உட்கார ஆளில்லை. சாமி இருக்கிறதா இல்லையா என்று யாருக்குமே உண்மையில் கவலையில்லையோ என்று எனக்குச் சந்தேகம். கவலைப்பட்ட ஆட்கள் நாம் இரண்டு பேர்தான் போல. அதில் ஒருவன் போய்விட்டான்.

சரி, அந்தப் பூவுக்கு வருகிறேன்.

உனக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. லைனில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தால் நடுவில் ஒரு மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். கோயம்புத்தூரில் பார்த்ததில் இதய வால்வு சுருங்கிவிட்டது, மார்பைத் திறந்து ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். செய்யாவிட்டால் ஒரு வருஷம் தாண்டுவது கஷ்டம் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். செய்தால் நிச்சயம் என்றும் சொல்லவில்லை. நீ வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் சாய்ந்து உட்கார்ந்து, "பூக் கேட்டுப் பாக்கலாம். சாமி உத்தரவு குடுத்தாப் பண்ணிக்கறேன். இல்லீனா இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன்" என்றாய்.

படித்த டாக்டர் சொன்னதை ஒரு அரளிப் பூவிடம் போய்க் கேட்பதா? கத்தினேன். நீ அசையவில்லை. சோமனூர்ப் பக்கம் உங்கள் ஆட்கள் கும்பிடுகிற சின்னக் குன்று, சின்ன முருகன் கோயில். அங்கே வழக்கம் எனக்கும் தெரியும். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, எதுவானாலும் இதுதான் தீர்ப்பு. எடுக்கிறவர் வேறு, பொட்டலம் கட்டுகிறவர் வேறாக இருக்க வேண்டும்.

"நீதான் கட்டோணும்" என்றாய்.

"நானா? வேற ஆளே கெடைக்கலியா?"

"நம்பறவன் கட்டுனா அவனவன் ஆசைக்குக் கட்டீருவான். உனக்குத்தான் சாமியே இல்லியே, நீ எதுக்குப் பொய் சொல்லப்போறே?"

அந்த வார்த்தை இருக்கிறதே, அதை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

விடிந்து வெயில் ஏறுகிற நேரம். படிக்கட்டுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி ஓரமாக, எல்லாருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். இரண்டு நிறப் பூவும் மடியில் இருந்தது. முதலில் நியாயமாகத்தான் கட்டினேன். ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். ஒரே எடை, ஒரே அளவு. சிவப்பு வந்தால் நீ வீட்டுக்குப் போய்விடுவாய் என்பது எனக்குத் தெரியும். யார் சொன்னாலும் கேட்க மாட்டாய். ஒரு சுருக்கு முடிச்சு, ஒரே இழுப்பு. சிவப்பை எடுத்துவிட்டு அதிலும் வெள்ளையை வைத்துக் கட்டினேன். செவ்வரளியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன். பயம் மாப்ளே. வேறொன்றும் இல்லை. உன்னை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

நான் உள்ளே வரவில்லை. கொள்கைக்காக வெளியே நிற்கிறேன் என்று எல்லாரும் நினைத்தார்கள். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பூசாரி பிரித்தார். வெள்ளை. அவள் அழுத சத்தம் வெளியே கேட்டது. வாசல் வழியாக எட்டிப் பார்த்தேன், நீ கீழே விழுந்து கும்பிட்டாய். அடுத்து நடந்தது நான் எதிர்பார்க்காதது. பூசாரி மிச்சப் பொட்டலத்தைப் பூக்கூடையில் போடப் போனார். நீ கையை நீட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாய். "சாமி வேண்டாம்னு சொன்னதும் சாமியோடதுதானுங்க" என்றாய். பிரித்தால் அதிலும் வெள்ளைதான் இருக்கும். அன்றிலிருந்து ஆபரேஷன் நாள்வரை உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் பிரித்துப் பார்த்துவிட்டாயா என்றுதான் தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ தொலைத்திருப்பான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்தாய். பார்க்க வந்த உறவினர்களில் ஒருவரையும் விடாமல் எல்லாரிடமும் வெள்ளைப் பூ கதையைச் சொன்னாய். ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "என்ற உசுரு வெள்ளப் பூவுல வந்ததுங்க. பூவைக் கட்டுனது ஆருன்னு கேளுங்க" என்று என்னைக் காட்டிச் சிரித்தாய். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன். நம்பிக்கை ஜெயித்த சிரிப்பு என்றுதான் அதை நினைத்தேன். இப்போது அந்தச் சிரிப்பை ஆயிரம் தடவை திருப்பிப் பார்க்கிறேன்.

பதினொரு மாதம் இருந்தாய். மகள் படிப்பு முடிந்து வேலைக்குப் போனதைப் பார்த்தாய். பிறகு கால் வீங்கியது, மறுபடி ஆஸ்பத்திரி, மூன்று நாள். இரண்டாவது நாள் மதியம் நான் உன் கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு, "மாப்ளே, அந்தப் பூவு..." என்று ஆரம்பித்தேன். நீ கையைத் தூக்கி நிறுத்தினாய். "எந்திரிச்சு வந்து பேசிக்கலாம்டா. உன்றகூடச் சண்டை போடோணும்னா மூச்சு வேணுமல்லோ." எழுந்து வரவில்லை. ஆபரேஷன் செய்யாவிட்டால் ஒரு வருஷம் தாண்டாது என்றார்கள். செய்தும் பதினொரு மாதம். அப்படியானால் என் பொய் உனக்கு என்ன கொடுத்தது? மார்பைப் பிளந்த வலியை மட்டும் கொடுத்ததா? டாக்டரிடம்கூடக் கேட்டேன். இப்படியெல்லாம் கணக்குப் பார்க்க முடியாது என்றார். எனக்கு அது பதிலாகப் படவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். தங்கச்சி என்னைக் கூப்பிட்டது அலமாரி துடைக்க அல்ல.

உன் மகள் ஒரு பையனை விரும்புகிறாள். அவளோடு வேலை செய்கிறவன், தூத்துக்குடிப் பக்கம், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். நான் போனதும் வாசலிலேயே அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, அவங்க ஊட்டுல ஜெபத்துல வெச்சிருக்காங்களாம், பதில் வந்ததும் சொல்றாங்களாம். எங்கம்மா பூக் கேக்கோணுங்கறாங்க. எங்க ரெண்டு பேருத்துக்கும் இதுல எல்லாம் பெருசா நம்பிக்கை இல்லீங்க மாமா. ஆனா ரெண்டு சாமியும் சரின்னு சொல்றதுக்காக உக்காந்துட்டு இருக்கறோம்" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது. "செவப்பு வந்தாலும் நான் அவரைத்தான் கட்டிக்குவேன். ஆனா அம்மா அதுக்கப்பறம் என்ற மூஞ்சியில முழிக்க மாட்டாங்க. எனக்கு அவங்களும் வேணும் மாமா."

உள்ளே தங்கச்சி சம்புடத்தைக் கொடுத்தாள், பொட்டலத்தைப் பார்த்தேன், முடிச்சைப் பார்த்தேன். அவள் படங்களின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"எனக்கு என்ன முடிவு எடுக்கறதுன்னே தெரியலீங்ணா. ஒறம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் என்ன பதில் சொல்லுவேன்? சாமி சரீன்னுட்டா எனக்கு ஒரு பிடிமானம். நீங்கதான் பூவு கட்டிக் குடுக்கோணும்."

"எனக்கு வேண்டாம் தங்கச்சி. நம்பறவங்க ஆராச்சும் கட்டட்டும்."

"இல்லீங்ணா. அவரே சொல்லியிருக்காருங்க."

"என்னன்னு சொன்னான்?"

"ஆபரேசனுக்குப் பொறப்படற அன்னிக்குங்க. கார்ல ஏறறதுக்கு முன்னால என்னைக் கூப்புட்டு, 'ஊட்டுல பெரிய காரியம் வந்து பூக் கேக்கற மாதிரி இருந்தா அவனையே கட்டச் சொல்லு. அவன் கட்டுனா வெள்ளைதான் வரும்'னாருங்க."

துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. தெரியாமல் பார்க்கவில்லையா, தெரிந்துதான் பார்க்கவில்லையா, எனக்குப் புரியவில்லை. நான் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "அத நீங்களே வெச்சுக்கங்ணா" என்றாள்.

ஆக, இரண்டிலும் வெள்ளைதான் என்று புறப்படுவதற்கு முன்பே உனக்குத் தெரியும். சாமி உத்தரவு கொடுக்கவில்லை என்று தெரிந்துதான் நீ காரில் ஏறியிருக்கிறாய். நான் சாமியை ஏமாற்றியதாக நினைத்துக்கொண்டு இத்தனை நாள் திரிந்தேன். இல்லாத சாமியை ஏமாற்றினால் பாவமில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். நீயோ என் கையில் உன் உயிரைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் படுத்திருக்கிறாய். சொல்லு மாப்ளே, நீ நம்பியது யாரை? முருகனையா, என்னையா? என் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்டுப் போனாயா? முருகன்தான் என் கையை இரவல் வாங்கினான் என்று சொல்வாய், எனக்குத் தெரியும். உனக்கு அது சுலபம். எனக்கு அந்த வசதி இல்லையே. என் கை என் கைதான். அது செய்ததற்கு நான்தான் பொறுப்பு. அதைச் சொல்லிச் சண்டை போடவாவது ஒரு நாள் கொடுத்திருக்கலாம். உன்மேல் எனக்கு அவ்வளவு கோபம். அதைவிட அதிகமாக மனசு உன்னைத் தேடுகிறது.

நாளைக்குக் காலையில் அந்தக் குன்றுக்குப் போகிறோம். இந்தத் தடவை நியாயமாகக் கட்டிவிடலாம், ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு, வந்தது வரட்டும் என்று திங்கட்கிழமை நினைத்தேன். செவ்வாய்க்கிழமை வேறு மாதிரி நினைத்தேன். நியாயமாகக் கட்டுவது யாருக்கு நியாயம்? சிவப்பு வந்தால் அந்தப் பெண் போய்விடுவாள், தங்கச்சி அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்குச் சரி என்று சொல்ல ஆசைதான். ஆசையைத் தன் வாயால் சொல்லப் பயம். அதற்குத்தான் சாமியைக் கூப்பிடுகிறாள், அதற்குத்தான் என்னையும் கூப்பிடுகிறாள். இது என் ஊகம். ஊகத்தை நம்பி இன்னொரு குடும்பத்தின் விஷயத்தில் கை வைக்கலாமா என்றும் கேட்கிறது. உன்னிடம் கேட்டால் ஒரு வசனம் சொல்லி முடித்துவிடுவாய். எனக்கு முடியவே மாட்டேன் என்கிறது.

ஆனாலும் ஒரு விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக்கு நான் வெளியே நிற்கப் போவதில்லை. பொட்டலத்தைக் காலடியில் வைக்கும்போது, தங்கச்சி கண்ணை மூடிக் கை நீட்டும்போது, நானும் உள்ளே நிற்பேன். கும்பிட மாட்டேன், அதை எதிர்பார்க்காதே. கட்டியவன் பக்கத்தில் நிற்க வேண்டும், அதற்காக நிற்பேன்.

துணி இரண்டு துண்டு வெட்டி வைத்துவிட்டேன். உன் பழைய பொட்டலம் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது, வேலைக்குப் போகும்போதும் எடுத்துப் போகிறேன். சுருக்கு முடிச்சு வேண்டாம் என்று உன் முடிச்சைப் போடப் பழகுகிறேன். இந்த வயதில் விரல் கேட்கவில்லை. நாலு தடவை நழுவி, ஐந்தாவது தடவை நின்றது. இழுத்துப் பார்த்தேன், இறுகியது.

பொழுதோடு பக்கத்து வீட்டு வேலியில் அரளி பறிக்கப் போனேன். இரண்டு செடியும் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. வெள்ளையில் இரண்டு கொத்துப் பறித்தேன். இந்தத் தடவை சிவப்பைத் தொடவே இல்லை மாப்ளே.